முத்துப்பேச்சி பேரைச் சொன்ன அன்று

தாலி ஏறின நாளிலிருந்து முத்துப்பேச்சி தன் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. கேரளத்துப் பீர்மேட்டுத் தேயிலைக் காட்டில் அந்தக் காலத்துப் பெண்கள் யாருமே சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் முத்துப்பேச்சி அதில் ஒரு படி கூட. புருஷன் பேர் அழகுமலை என்பதால், அழகு என்கிற சொல்லையும் விட்டுவிட்டாள், மலை என்கிற சொல்லையும் விட்டுவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையாக நிற்கிற ஊரில் அது லேசுப்பட்ட காரியமா? மலையைக் காடு என்பாள், மேடு என்பாள், ஒன்றும் தோன்றாவிட்டால் "அந்தா மேல" என்று கையைக் காட்டுவாள். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் எல்லோரும் அழகாயிருக்கு என்பார்கள். இவள் மட்டும் "லெச்சணமா இருக்கு" என்பாள்.

இரண்டு பேரும் அந்நியமில்லை. அழகுமலையின் அப்பாவும் முத்துப்பேச்சியின் அம்மா வேலம்மாளும் கூடப்பிறந்தவர்கள். சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரே கங்காணியின் கீழ் வந்து, ஒரே லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் ஒரு குடும்பமாக அடுப்பு மூட்டியவர்கள். லயம் என்றால் எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. வேலம்மாளுக்கு மூத்தவன் பெரியமுத்து, இளையவள் முத்துப்பேச்சி. பெரியமுத்துவும் அழகுமலையும் ஒரே வயசு, ஒரே தட்டில் சாப்பிட்ட சேக்காளிகள். முத்துப்பேச்சி அவர்கள் பின்னாலேயே ஓடித் திரிந்தவள். அப்போதெல்லாம் "ஏலே அழகுமலை" என்றுதான் கூப்பிடுவாள். வெற்றிலை மாற்றி நிச்சயம் ஆன பிறகும் விடவில்லை. அவன் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிக் கழிக்கிற பக்கம் பார்த்து, மேட்டிலிருந்து "ஏலே அழகுமலை, ஒழுங்கா வெட்டுல" என்று சத்தம் போடுவாள். பெரியமுத்துதான் அவள் தலையில் குட்டி, "கட்டிக்கப் போறவன் பேர ஏலம் போடாதட்டி" என்பான். அதற்கெல்லாம் அடங்காதவள், தாலி கட்டின மறுநாள் வாயை மூடினாள். அதோடு சரி.

அவளிடம் புருஷன் பேரைக் கேட்டு மாட்டிக்கொண்ட ஆபீசர்மார் நிறைய. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோது ஜன்னல் வழியாக எதிர் மலையைக் காட்டினாள். "அந்தா நிக்குதுல்ல, அது. அதுக்கு முன்னால லெச்சணத்தச் சேத்துக்கிடுங்க." அந்த மலையாளி ஆபீசர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த வீட்டுக் கமலாத்தாள்தான் வந்து, "அழகுமலைங்க" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றினாள். கமலாத்தாள் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரி. புருஷன் வெங்கிடாசலம் லயத்து முக்கில் டீக்கடை போட வந்தபோது கூட வந்தவள். அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். இவள் புருஷன் பேரை அவள் சொல்லுவாள், அவள் புருஷன் பேரை இவள் சொல்லுவாள்.

மகள் மாரீஸ்வரி பிறக்கிறபோது வலி உச்சத்தில் இருந்தது. நர்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு, "பேரைச் சொன்னாத்தான் உள்ளே" என்று மிரட்டினாள். அப்போதும் முத்துப்பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத்தான் காட்டினாள், ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே நின்ற அழகுமலை காதில் அவள் அலறல் விழுந்தது, பேர் விழவில்லை. அவனுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஒரு தடவை சொல்லேன் என்று இளவயதில் எத்தனையோ விதமாகக் கெஞ்சிப் பார்த்திருக்கிறான். "உங்க ஆயுசு கொறையணுமாக்கும்?" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒருநாள், சில மழைக்காலத்துக்கு முன்பு, வாசலில் நின்று சொன்னாள்:

"மலையில மேகம் எறங்கிருச்சுண்ணே. துணிய எடுத்துருவமா?"

உள்ளே இருந்த அழகுமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலை என்றாளே என்று திகைப்பதா, அண்ணே என்றாளே என்று திகைப்பதா? வெளியே வந்து பார்த்தான். வேறு யாரும் இல்லை. துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவள் சாதாரணமாக உலை வைத்தாள். வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பெரியமுத்து செத்து வெகுகாலம் ஆகிறது, திதி வேறு நெருங்குகிறது, அண்ணன் நினைப்பாயிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உப்பை இரண்டு தரம் போட்டாள், அடுத்த நாள் போடவே இல்லை. வேலையிலிருந்து நின்று எத்தனையோ வருஷம் ஆனவள், காலையில் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் போய் யாரோ ஒருத்தியின் நிரையில் நின்று கொழுந்து கிள்ளினாள். அந்தப் பெண்ணே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். ஒரு ராத்திரி, அவன் பாயைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்து, "வயசுக்கு வந்த தங்கச்சி படுத்திருக்க எடத்துல இப்படியாண்ணே வந்து படுப்பாக?" என்று சத்தம் போட்டாள். அன்றிலிருந்து அவன் படுக்கை அடுப்படியில். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? கட்டின பெண்டாட்டி தன்னை அண்ணன் என்கிறாள் என்று டீக்கடையில் சொல்ல முடியுமா, கம்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மகளிடம் போனில்தான் சொல்ல முடியுமா? "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி தாயி" என்பான். அவ்வளவுதான்.

அழகுமலை பாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ரோட்டு மேலே ஒரு ரிசார்ட்டில் பகல் வாட்சராக இருந்தான். அந்தச் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது. அதனால் காலையில் போகும்போது முத்துப்பேச்சியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். சாவி அவன் சட்டைப் பையில் கிடக்கும். கேட்டில் நின்று கார்க்காரர்களுக்கு சல்யூட் வைக்கிறபோதெல்லாம் அது நெஞ்சில் இடிக்கும். கமலாத்தாள் ஜன்னல் கம்பி வழியாக டீயும் பன்னும் கொடுப்பாள். "என்ன தப்புக்கு என்னய அடைச்சு வச்சிருக்காக?" என்று முத்துப்பேச்சி கேட்பாள். "மழைங்கக்கா, அதான்" என்பாள் கமலாத்தாள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வருகிற ஆஷா வொர்க்கர் நிமி ஒருநாள் அந்தப் பூட்டைப் பார்த்தாள். மலையாளத்துப் பெண், ஆனால் லயத்திலேயே நடந்து நடந்து தமிழும் பழகியவள். ரிசார்ட் கேட்டுக்கே போய் அழகுமலையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, ஆளை வச்சுப் பூட்டக்கூடாது. தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"பூட்டாம வந்தா ரோட்டுல நிப்பாம்மா. லாரி வர்ற ரோடு."

"அப்போ நீங்க வீட்டில் இருக்கணும்."

"இருந்தா யாரு சோறு போடுவா?"

அதற்குத்தான் வழி இருக்கிறது என்றாள் நிமி. இது மறவிரோகம், மலையாளத்தில் மறதி வியாதிக்கு அப்படித்தான் பேர். இந்த வியாதிக்காரர்களையும் ஊனமுற்றோர் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து, நூற்றுக்கு நாற்பது குறையாமல் ஊனம் என்று எழுதிக் கொடுத்தால் பென்ஷனுக்குப் போடலாம், கூட இருந்து பார்க்கிறவருக்கு உண்டான உதவிக்கும் போடலாம். "அது வந்தா இந்தக் கேட்டை விட்டுட்டு வீட்டில் இருக்கலாம். பூட்டு வேண்டாம்."

பூட்டு வேண்டாம் என்கிற ஒரு சொல்லில் அழகுமலை சரி என்றான். அரசாங்க மனுக்களைப் பதிகிற அக்ஷயா சென்டரில் நிமியே கூட வந்து பதிந்துகொடுத்தாள்.

டீக்கடையில் வெங்கிடாசலம் கேலி பண்ணினார். "நானெல்லாம் பள்ளிக்கூடத்துல நாப்பது வாங்க முடியாம நின்னவனுங்க. இங்க பாருங்க, தெரியாதுன்னு சொன்னா மார்க்குப் போடறாங்க. அப்பவே இந்தப் பரீச்சை இருந்தா நான் கலெக்டருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. தெரியாது என்று அவள் சொன்னால் நல்லதா? சொல்லாவிட்டால் நல்லதா? அவனுக்கு அது பிடிபடவில்லை.

டவுனுக்குப் போக வேண்டிய நாள் காலையில் முத்துப்பேச்சி தானே எழுந்து, தானே முகம் கழுவி, கோணாமல் வகிடெடுத்து வாரிக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு தெளிவு அவள் முகத்தில் வந்து மாதக் கணக்கு ஆகியிருந்தது. வேறு நாளாயிருந்தால் அழகுமலை கமலாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான். அன்றைக்குக் கூப்பிடவில்லை. இன்றைக்குப் பார்த்தா நீ தெளியணும் என்று மனசுக்குள் ஓடியது, உடனே தன்னையே திட்டிக்கொண்டான். பெண்டாட்டி நன்றாயிருக்கக் கண்டு பயப்படுகிறவன் என்ன மனுஷன்?

ஜின்சன் ஓட்டிய ஜீப்பில் போனார்கள். நிமி முன்னால், கமலாத்தாள் பிளாஸ்கோடு பின்னால், நடுவில் முத்துப்பேச்சி. வளைவுக்கு வளைவு ஜின்சன், "அம்மச்சீ, பிடிச்சு இரிக்கணே" என்று கத்தினான்.

"நீ ரோட்டப் பிடிச்சு ஓட்டுல. நான் கம்பியப் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி.

ஜீப்பே சிரித்தது. நிமி திரும்பி அழகுமலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்ததோ என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளபடியே இவளுக்கு வியாதிதானா? நாமாக ஏதாவது நினைத்துக்கொண்டோமா? அவள் பிறவியிலேயே இப்படித்தான், யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். சூப்பர்வைசர் "ஏன் லேட்டு" என்றால், "முன்னால வந்தவளுக்குக் கூடுதலாக் கூலி குடுத்தீகளா" என்பாள். குணம் எது, வியாதி எது என்று யார் பிரித்துச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் பெஞ்சில் இருந்தபின் கூப்பிட்டார்கள். நோயாளியும் ஒரு ஆளும் மட்டும் என்றார்கள். அழகுமலை முத்துப்பேச்சியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். டாக்டரம்மா சின்ன வயசு, முகத்தில் களைப்பு. வெளியே கூட்டம் அப்படி. ஆனாலும் பொறுமையாகத்தான் கேட்டார், தெரிந்த தமிழில் மலையாளத்தைக் கலந்து.

"அம்மே, பேரு சொல்லுங்க."

"முத்துப்பேச்சி."

"எங்கே தாமசம்?"

"லயத்துல. பின்ன பங்களாவுலயா விடுவாக?"

டாக்டரம்மா சிரித்தார். "இன்னைக்கு என்ன கிழமை?"

"வேலை நாளுதான். இல்லாட்டி நீங்க இங்கன உக்காந்திருப்பீகளா?"

"சரி. என்ன மாசம்?"

முத்துப்பேச்சி ஜன்னலைப் பார்த்தாள். "மழை விட்டுருச்சு. குளிரு இன்னும் வரல. படிச்சவுக நீங்க, நீங்களே சொல்லுங்க."

அழகுமலைக்கு உள்ளே இரண்டு பேர் நின்று சண்டை போடுகிற மாதிரி இருந்தது. ஒருத்தன், சபாஷ்டி என் கழுதை, விட்டுக்கொடுக்காதே என்கிறான். இன்னொருத்தன் சட்டைப் பைச் சாவியைத் தொட்டுக் காட்டுகிறான்.

"உங்க வீட்டுக்காரர் பேரு? உங்களைக் கட்டுற ஆளு?"

பழக்க தோஷம், அழகுமலை வாயைத் திறந்தான். அவளிடம் இந்தக் கேள்வி வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்தானே சொல்ல வேண்டும். டாக்டரம்மா கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க பறயண்டா. அம்மா சொல்லட்டும்."

"அழகுமலை" என்றாள் முத்துப்பேச்சி.

கடைத் தெருவில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி, சத்தமாக, முழுசாக.

ரேஷன் கடையில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பதுபோல் அவன் எழுந்து நின்றுவிட்டான். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கக் காத்திருந்த சத்தம். நெஞ்சு குளிர்ந்தது, அது நிஜம். அடுத்த மூச்சிலேயே இவள் எப்படிச் சொன்னாள் என்று திக்கென்றது, அதுவும் நிஜம். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"பேரு கரெக்டா?"

"கரெக்டுதான் டாக்டர்."

"குளிக்கிறது, துணி மாத்துறது, தனியா செய்வாங்களா?"

"ம்."

"சமையல்?"

"ம்."

"வீட்டில் உள்ளவங்களை அடையாளம் தெரியுமா?"

"ம்" என்றான். என்ன கேட்டார் என்பதே அவன் காதில் ஏறவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடினார். வயசுக்கு உண்டான மறதி இருக்கிறது, மனுவில் எழுதியிருக்கிற அளவுக்கு இப்போது காணவில்லை, நாற்பது வராது, ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூட்டிவாருங்கள் என்று அன்பாகவே சொன்னார். அழகுமலை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். ஜெயித்தவளைப் போல முத்துப்பேச்சி முன்னால் நடந்தாள்.

"ஆச்சுங்ளாண்ணா?" என்று கமலாத்தாள் எழுந்தாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "பேரைச் சொல்லிட்டா."

"ஆரு பேரைங்க?"

"என் பேரை."

கமலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ சாமி! வாயத் தொறந்தா? மென்னு முழுங்கிங்களா, முழுசாவா?"

"முழுசா."

நிமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதினென்ன அண்ணாச்சி? சரியான பேரு தானே சொன்னாங்க?"

"ஏனம்மிணி, பேரு சரிதான். அவ சொன்னதுதான் தப்பு" என்றாள் கமலாத்தாள். "பிரசவ வலியில சொல்லாதவ. நெனப்பு நெனப்பா இருந்தா அவ வாயில அது வருமா?"

நிமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? சரியா சொன்னதால வியாதி இருக்குன்னா?"

அழகுமலைக்கும் அதுதான் குழப்பம். கேள்விக்குச் சரியான பதில் சொன்னவளை, இல்லை இது தப்பு என்று புருஷனே போய்க் காட்டிக்கொடுப்பதா? அவள் அங்கே ஒரு குரோட்டன்ஸ் செடியின் பக்கத்தில் நின்று, இளம் இலையாகப் பார்த்துக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே வீட்டுக்குப் போகலாம். நாளைக் காலையில் கதவைச் சாத்திப் பூட்டலாம். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என்ன தப்புக்கு என்று கேட்பாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "என்னய அண்ணேங்குறா. பெரியமுத்துன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நான் படுக்கிறது அடுப்படியில."

கமலாத்தாள் ஆச்சரியப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நிமிதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்ர நாளாச்சு?"

"ரொம்ப நாளு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை? இதைத்தானே முதல்ல சொல்லணும்!"

"என்னன்னும்மா சொல்லச் சொல்ற?"

நிமி எழுந்து கதவருகே நின்ற ஆளிடம் ஏதோ சண்டை போட்டாள். அடுத்த நோயாளி வெளியே வந்ததும் நாலு பேரும் உள்ளே நுழைந்தார்கள். நிமி மலையாளத்தில் படபடவென்று சொன்னாள். டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். தன் பாட்டியும் தாத்தா பேரைச் சொல்ல மாட்டாள்தான், ஆனால் டாக்டர் கேட்டால்கூடவா என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கமலாத்தாளைப் பார்த்து, "உங்க ஹஸ்பண்ட் பேரு என்ன?" என்றார்.

கமலாத்தாள் நாணிக்கோணிக்கொண்டு நிமி முதுகுக்குப் பின்னால் போனாள். "அதெல்லாம் சொல்லப்படாதுங்க டாக்டரம்மா."

"சொன்னாத்தான் இவங்க காரியம் நடக்கும்."

"ஏனுங்ண்ணா, நீங்க சொல்லுங்க" என்று அழகுமலையை இடித்தாள்.

"அவங்க சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க."

"டீக்கடைக்காரருங்க."

"பேரு?"

"திருப்பதியில நிக்குறாரில்லீங்க, அந்தச் சாமி பேருங்க. என்னை உட்டுருங்கம்மா, கும்பிடறேன்." கமலாத்தாளுக்கு வேர்த்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முத்துப்பேச்சி பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மே, அழகுமலை இப்போ எங்கே இருக்காரு?"

அழகுமலை பக்கத்தில்தான் நின்றான்.

"கவாத்து வெட்டப் போயிருக்கான்" என்றாள் முத்துப்பேச்சி. "பொழுதடைய வந்துருவான்."

"உங்களுக்குக் கல்யாணம் எப்போ?"

"வர்ற வைகாசியில. இந்தா, எங்க அண்ணன்கிட்டக் கேளுங்க. இவன்தான் பேசி முடிச்சது." அழகுமலையின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"அண்ணன் பேரு?"

"பெரியமுத்து."

"அழகுமலை ஆளு எப்படி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையில் இருந்த இலைகளை விரலால் அளைந்தாள். "அழகாத்தான் இருப்பான்." அந்தச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை.

டாக்டரம்மா அழகுமலையை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "நீங்க யாருன்னு அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க."

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் முன்னால் குனிந்தான். தன் பேரைத் தன் பெண்டாட்டியிடம் சொல்ல இத்தனை பாடா? "முத்துப்பேச்சி," என்றான், "நாந்தேன் அழகுமலை. நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். நரைத்த மீசையை, வழுக்கையை, வாட்சர் சட்டையை. முதலில் சிரித்தாள். சிரிப்பு மெல்லப் போய் முகம் சிவந்தது. கையை உதறினாள்.

"வெளயாடாதண்ணே. நாலு பேரு முன்னால என்ன கேலி இது? மாமனுக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்கும்?"

 கமலாத்தாள் மூக்கை உறிஞ்சினாள்.

டாக்டரம்மா மூடின காகிதத்தைத் திரும்பத் திறந்தார். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, ஆள் தெரிவது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். இந்த முறை அழகுமலை ம் கொட்டவில்லை. அவளைக் குளிப்பாட்டுவதற்குக் கமலாத்தாளைக் கூப்பிடுவதை, அண்ணன் குளிப்பாட்டினால் அவள் கூசுகிறாள் என்பதை, உப்பை, அடுப்பை, பூட்டை, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல, யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிப் புகார் கொடுக்கிற மாதிரி இருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரப்பா அந்தப் பாவம் என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு டாக்டர் வந்து பார்த்தார். தலையைப் படம் எடுக்கச் சொன்னார்கள், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், இரண்டு தரம் ஜின்சன் ஜீப் மலை இறங்கி ஏறியது. கடைசியில் சர்ட்டிபிகேட் கையில் வந்தது. நாற்பதையும் தாண்டிப் போட்டிருந்தார்கள். ஆனால் நிரந்தரமாக இல்லை, சில வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

"திரும்பவும் பேரைக் கேப்பாகளா?" என்றான் அழகுமலை.

"கேப்பாங்க" என்றாள் நிமி.

அப்போது அவள் என்ன சொல்ல வேண்டும் என்று இவன் வேண்டிக்கொள்வது? பேரைச் சொன்னால் அவள் இவனை மறந்திருக்கிறாள் என்று அர்த்தம். சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு மலையைக் காட்டினால் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம், அப்புறம் பென்ஷனும் இல்லை, வாட்சர் வேலையும் இல்லை. அதற்கும் அவன் தயார்தான். ஆனால் ஒன்றையும் சொல்லாமல், ஒன்றையும் காட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாளானால்? ஜீப் ஏலப்பாறை வளைவு ஏறுகிற வரைக்கும் இதையே யோசித்தான். நிமியிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டான்.

உதவி வர இன்னொரு மழைக்காலம் பிடித்தது. வந்த பிறகு அவன் ரிசார்ட்டில் வாட்சர் சட்டையையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். பூட்டு நிலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கதவு நாளெல்லாம் திறந்து கிடக்கிறது. முத்துப்பேச்சி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், அவன் கண்ணுக்குப் படுகிற தூரத்தில் ஏதாவது வேலையாக இருப்பான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் எதிர் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "ஏலே அழகுமலை! இன்னுமா வெட்டுற? இருட்டிருச்சுல, வா."

முதல் தடவை அவன் ஓடிவந்து, "என்ன புள்ள?" என்றான். "உன்னயவாண்ணே கூப்பிட்டேன்?" என்று சடைத்துக்கொண்டாள். மறுநாள் பேசாமல் இருந்து பார்த்தான். பதில் வராமல் அவள் அழுதாள். அடுத்த நாள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து "வாரேன்" என்று சத்தம் கொடுத்தான். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் அப்புறம் அவன் வாசலுக்கு வந்தபோது, "எங்கண்ணே அவன், கொரலக் கேட்டேனே?" என்று அவனிடமே கேட்டாள்.

நேற்றும் கூப்பிட்டாள். அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ண்ணா, கூப்பிடறாளுங்க, போங்க" என்றாள் கமலாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"என்னய இல்லம்மா."

"பின்ன ஆரைங்க?"

அழகுமலை கத்தியைக் கீழே வைத்தான். முன்வாசலுக்குப் போவதா, பின்பக்கம் போவதா என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றான். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.